கருப்பட்டி நிறத்தில் ஒரு மாவு

போன வாரம் நஸ்ருதீனை அடுப்புக்கு முன்னால் கரண்டியும் கையுமாக நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். அவன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். பாவம், கால் கடுத்திருக்கும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நஸ்ருதீன் துபாயில் ஹோட்டல் மேனேஜர் என்று நம்பித்தான் காரைக்கால் ‘இப்ராஹிம் மெஸ்’ முகம்மது இப்ராஹிம் தன் ஒரே மகள் உம்மு சல்மாவை அவனுக்குக் கட்டிக் கொடுத்தார். மேனேஜர் இல்லை, சமையல்காரன் என்பது போன வாரம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கரண்டி பிடித்தே மெஸ்ஸை வளர்த்த இப்ராஹிமுக்குச் சமையல் ஒன்றும் இளப்பமில்லை. ஆனால் மாப்பிள்ளை சமைப்பது வேறு கதை.

இந்தக் குடும்பத்தில் பெண் மாமியார் வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவர் ஆயுசு முழுக்க விருந்தாளி. நல்ல துண்டு முதலில் அவருக்கு. அவர் சொன்னது தப்பாக இருந்தாலும் தலையாட்டல். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இப்ராஹிம் மாப்பிள்ளையை ஒரு தடவைகூட முகம் சுளித்துப் பேசியதில்லை. நஸ்ருதீனும் மாமாவிடம் ஒரு தடவைகூட ‘இல்லை’ என்று சொன்னதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கண்கொள்ளாக் காட்சி. உள்ளே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும்.

லீவில் வந்த நஸ்ருதீன் இந்தத் தடவை ஒன்று கேட்டான். “நான் அங்க கத்துக்கிட்ட சமையலை ஒரு வெள்ளிக்கிழமை நம்ம மெஸ்ல வச்சுப் பாக்கறேன் மாமா. எடுபட்டா இங்கேயே இருந்துடறேன்.”

இப்ராஹிம் மறுக்கவில்லை. மாப்பிள்ளை கேட்டதை மறுப்பதாவது! எடுபடாவிட்டால், ஏஜென்ட் ஜெய்னுலாபுதீனிடம் இன்று சாயங்காலத்துக்குள் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். புது வேலை, புது விசா, மறுபடியும் இரண்டு வருஷம். பாஸ்போர்ட் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை இதுதான்.

*

மெஸ்ஸின் சமையல்கட்டும் வீட்டுக் கொல்லைப்புறமும் ஒரே கதவில் சந்திக்கும். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு உம்மு சல்மா அந்தக் கதவைத் தாண்டி வந்தபோது, நஸ்ருதீன் அகலமான இரும்புச் சட்டியில் எண்ணெயையும் மைதாவையும் கலந்து கிண்டிக்கொண்டிருந்தான்.

“டீ போட்டுத் தரவா மச்சான்?”

“போட்டா நீதான் ஊட்டணும். கையை எடுக்க முடியாது.”

“ஒரு நிமிஷம் எடுத்தா என்னவாம்?”

“அடி புடிச்சுக் கருகிடும். மொத்தத்தையும் கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் அவள் டம்ளரை அவன் வாயருகே கொண்டுபோனாள். பத்து வயதுப் பெண்ணுக்குத் தாயானவள், புதுப்பெண் மாதிரி கூசினாள். பன்னிரண்டு வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க அவளுக்கு எப்போதுமே பயம். மகள் நௌஷினுக்கு வாப்பா என்றால் இன்னும் போனில் தெரிகிற முகம்தான்.

சட்டியில் மாவு மணல் நிறத்துக்கு வந்தது. பிறகு வறுத்த வேர்க்கடலை நிறம்.

“போதுமே மச்சான், எடுத்துடுங்க. நல்லா வாசம் வந்துடுச்சே.”

“போதாது. கருப்பட்டி நிறம் வரணும்.”

“கருப்பட்டியா? அதுக்குப் பேரு தீஞ்சுபோறது.”

அவன் சிரித்தான். “எனக்குக் கத்துக் குடுத்த ஆர்மான்கிட்ட நானும் இதையேதான் சொன்னேன். கையில அடிச்சாரு.”

ஆர்மானைப் பற்றி அவள் போனில் அரைகுறையாகக் கேட்டிருக்கிறாள். துபாய் ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர், அமெரிக்கர், சதா சிரித்த முகம். அவ்வளவுதான் தெரியும். இன்றைக்குக் கேட்க நேரம் இருந்தது. அவனுக்கும் சொல்ல நேரம் இருந்தது, வேறெங்கும் நகர முடியாதே.

“அவரோட ஊரு லூசியானா. ஏறக்குறைய நம்ம பக்கம் மாதிரியேதான் சல்மா. பெரிய ஆறு ஒண்ணு கடல்ல கலக்கிற இடம். சேறு, நெல்லு, நண்டு, இறாலு, புயலு. ஆனா அவரோட ஆளுங்க அந்த ஊர்க்காரங்க இல்ல. வடக்க, கனடா பக்கம், குளிர் தேசத்துல வெள்ளாமை பண்ணிட்டிருந்த பிரெஞ்சுக்காரங்க. இங்கிலீஷ்காரன் அவங்களைப் புடிச்சுக் கப்பல்ல ஏத்தித் துரத்திட்டான். புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம்னு போன குடும்பமெல்லாம் உண்டாம். எங்கெங்கயோ சுத்திட்டு, கொஞ்சம் பேரு அந்தச் சதுப்புக் காட்டுக்கு வந்து சேர்ந்தாங்க. அவங்கதான் கேஜுன்.”

“புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம்” என்று உம்மு சல்மா மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அது புரிய அவளைக் கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை.

“அப்ப போன்ல கிரியோல்னு சொன்னீங்களே, அது என்ன?”

“அது பட்டணத்துச் சமையல். நியூ ஆர்லியன்ஸ்னு ஒரு துறைமுகம். பிரெஞ்சுக்காரன், ஸ்பெயின்காரன், ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமையாப் புடிச்சிட்டு வந்தவங்க, முன்னாடியே அந்த மண்ணுல இருந்த ஜனங்க, எல்லாரும் ஒரே ஊர்ல. ஒருத்தர் சாப்பாட்டை ஒருத்தர் தொடாம இருக்க முடியுமா? கம்போன்னு அவங்க வைக்கற குழம்புல தக்காளி போட்டா பட்டணத்து ஆளு, போடாட்டி எங்காளுன்னு ஆர்மான் கேலி பண்ணுவாரு.”

“இன்னிக்கு வைக்கப்போறது அந்தக் கம்போதானே?”

“ஆமா. மாவை இப்படி வறுக்கறது பிரெஞ்சுக்காரன் பழக்கம். வெண்டைக்காய் ஆப்பிரிக்கா, வதக்காம அப்படியே போடணும், அந்தக் கொழகொழப்புலதான் குழம்பு கெட்டியாகும். அவங்க பாஷை ஒண்ணுல வெண்டைக்காய்க்குச் சொல்ற பேருதான் கம்போன்னு ஆச்சாம். கடைசியில ஒரு மரத்து இலையைப் பொடிச்சுத் தூவுவாங்க, அது அந்த மண்ணோட ஜனங்க சொல்லிக் குடுத்தது. அவங்க பன்னி இறைச்சியில செஞ்ச சாஸேஜ் போடுவாங்க. நமக்கு அது ஆகாது. ஹோட்டல்ல கோழி, நண்டு, இறாலு மட்டும் போட்டுத்தான் நான் கத்துக்கிட்டேன்.”

“இதையெல்லாம் சேத்துச் சமைச்சது யாரு?”

நஸ்ருதீன் கிண்டிக்கொண்டே சொன்னான்.

“பெரிய வீடுகள்ல அடுப்புல நின்னது அடிமைப்பட்ட பொம்பளைங்கதான். அவங்க பேரெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆர்மான் எதுக்கும் சிரிக்கற ஆளு. அதைச் சொல்றப்ப மட்டும் சிரிக்க மாட்டாரு.”

மாவு கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. நஸ்ருதீன் அடுப்பை அணைத்து, சூடு குறைகிற வரை கிண்டி, சட்டியைத் தட்டால் மூடினான். நறுக்கிய வெங்காயம், குடமிளகாய், கொத்தமல்லித் தண்டு எல்லாம் பக்கத்தில் தயாராக இருந்தன. அங்கே செலரி என்று ஒரு தண்டு போடுவார்களாம். காரைக்கால் மார்க்கெட்டில் கேட்டதற்குச் சிரித்துவிட்டார்கள். அதனால் கொத்தமல்லித் தண்டு. சுரக்குடியிலிருந்து வந்த பிஞ்சு வெண்டைக்காய் கூடையில் இருந்தது.

“நான் கிளிஞ்சல்மேடு போயி நண்டும் இறாலும் எடுத்துட்டு வந்துடறேன். இது ஆறட்டும். யாரும் தொடாம நீ பாத்துக்க.”

“யாரு தொடப் போறாங்க? போயிட்டு வாங்க.”

*

தொட்டது வேறு யாருமில்லை, கடை முதலாளிதான்.

முகம்மது இப்ராஹிம் வழக்கம்போல் பிஸ்மி சொல்லிக்கொண்டே சமையல்கட்டுக்குள் நுழைந்தார். மூக்கைச் சுருக்கினார். நேராக அந்தச் சட்டிக்குப் போய்த் தட்டைத் தூக்கினார். நாற்பது வருஷமாக அடுப்படியில் நின்றவர் முகம் சுருங்கிப்போனது.

“யா அல்லாஹ்! சல்மா, இங்க வா புள்ள. மாப்புள எதையோ வச்சுத் தீய விட்டுட்டுப் போயிட்டாரு.”

உம்மு சல்மா வந்து பார்த்தாள். கருப்பட்டி நிறம். காப்பிக்கொட்டை வறுத்த வாசம்.

“வாப்பா, அது…”

“கத்தாதே. வேலைக்காரங்க காதுல விழுந்தா மாப்புளைக்குத்தான் அசிங்கம். மைதாவை வறுக்கத் தெரியாதவரு மெஸ் நடத்த வந்துட்டாருன்னு ஊர்ல பேசுவாங்க. அவரு வந்தா நீயும் ஒண்ணும் காட்டிக்காதே. மனசு நொந்துடும்.”

சொல்லிக்கொண்டே சட்டியைத் தூக்கிக் குப்பை வாளியில் கவிழ்த்தார். இந்த மனுஷனைக் கெட்டவர் என்று யாராவது நினைத்தால் நான் சண்டைக்கு வருவேன். மாப்பிள்ளையின் மானம் போகக் கூடாதே என்ற தவிப்புதான் அவருக்கு. வேறு ஆள் தீய விட்டிருந்தால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி திட்டியிருப்பார். மாப்பிள்ளையைத் திட்ட முடியாது என்பதால்தான் சத்தமில்லாமல் கொட்டினார்.

உம்மு சல்மா வாய் திறந்திருக்கலாம். அது தீயவில்லை, அந்த நிறம் வரத்தான் அவர் அவ்வளவு நேரம் நின்றார் என்று ஒரே வரி போதும். அவள் சொல்லவில்லை. அவளுக்கு வேறு கணக்கு ஓடியது. வாப்பா கை பட்டால் ஆணம், எந்தக் குழம்பானாலும், ருசிக்கும். ருசித்தால் ஜனங்கள் சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் மச்சான் போகமாட்டார். சட்டிக்குள் என்ன இருந்தால் என்ன, அவர் இங்கே இருந்தால் சரி.

இப்ராஹிம் மளமளவென்று வேலையில் இறங்கினார். தேங்காயும் சோம்பும் கசகசாவும் அரைபட்டன. வறுத்த அரிசிமாவைக் கரைத்து ஊற்றினார். வெண்டைக்காயைப் பார்த்ததும், “இதைப் பச்சையா போட்டா கொழகொழன்னு வந்து மானத்தை வாங்கிடும்” என்று எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி, புளி விட்டு, கொழகொழப்பை முற்றாக விரட்டிவிட்டார். கம்போவைக் கெட்டியாக்குவதே அந்தக் கொழகொழப்புதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நஸ்ருதீன் நண்டுக் கூடையோடு திரும்பியபோது அண்டாவில் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது.

“வாங்க மாப்புள. வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்கீங்க, உக்காருங்க. உங்க குழம்பு பாதி முடிஞ்சுது. நண்டையும் இறாலையும் போட்டா சரி.”

நஸ்ருதீன் அண்டாவைப் பார்த்தான். கழுவிக் கவிழ்த்திருந்த இரும்புச் சட்டியைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் வெங்காயத் தோலைப் பொறுக்கக் குனிந்துகொண்டாள்.

நிறுத்துங்கள், நான் மறுபடி செய்கிறேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். நேரம்கூட இருந்தது. ஆனால் மாமாவின் கையிலிருந்து கரண்டியை எப்படி வாங்குவது? அதற்கு ‘இல்லை’ என்று ஆரம்பிக்க வேண்டுமே!

“சரிங்க மாமா” என்றான்.

*

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மெஸ் நிரம்பிவிட்டது. ‘இன்றைய ஸ்பெஷல்: லூசியானா கம்போ’ என்று நௌஷின் வண்ணப் பேனாவில் எழுதிய அட்டை வாசலில் தொங்கியது. நெடுங்காட்டுப் பொன்னி அரிசிச் சோறு, மேலே நண்டும் இறாலும் கோழியும் கிடந்த ஆணம்.

முதல் வாய் வைத்தவர் சுப்ராயன். தாசில்தார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்ராஹிம் மெஸ்ஸில் சாப்பிட்ட அனுபவமும் அந்த சர்வீஸுக்குக் குறைந்ததல்ல.

“பாய், பிரமாதம்! ஆனா ஒண்ணு கேக்கறேன். இது நம்ம நண்டு ஆணம் மாதிரியும் இருக்கு, தாளிச்சா மாதிரியும் இருக்கு. இதுக்கு எதுக்கு வெளிநாட்டுப் பேரு?”

நான்கு பேர் சிரித்தார்கள். இப்ராஹிம் பெருமையில் பூரித்துப்போனார். “எல்லாம் மாப்புள கைப்பக்குவம். பிரெஞ்சுக்காரன் சமையலாம்.”

“பிரெஞ்சுக்காரன் நம்மூர்லயும்தான் இருந்தான். ரொட்டியைத் தவிர என்னத்தைச் சொல்லிக் குடுத்தான்?” என்றார் சுப்ராயன். பிறகு நஸ்ருதீன் பக்கம் திரும்பி, “தம்பி, கப்பல் ஏறிப் போனவங்க சமையல்னு எழுதியிருக்கலாம். எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி ஒருத்தர் இந்தக் காரைக்கால் துறைமுகத்துலதான் கப்பல் ஏறினாராம், கரும்புத் தோட்ட வேலைக்கு. எந்தத் தீவுன்னுகூட எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. அங்க போயி என்னத்தைத் தின்னாரோ” என்றார்.

மாமாவின் அண்டாவைப் பார்த்த பிறகு நஸ்ருதீன் அப்போதுதான் முதல் தடவையாக மனம் விட்டுப் பேசினான். “பிரெஞ்சுத் தீவுகள்ல இருந்து வந்த ஒருத்தன் எங்ககூட வேலை பாத்தான் சார். அவன் ஊர்லயும் கிரியோல் சமையல்னுதான் சொல்வாங்க. அதுல மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு எல்லாம் இடிச்சுப் போட்ட குழம்பு ஒண்ணு உண்டு. இந்தப் பக்கத்துலேர்ந்து போனவங்க கொண்டுபோனதுன்னு அவனே சொன்னான். அவனுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. பொடி மட்டும் தெரியும்.”

சுப்ராயன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். “அப்ப அவரு அங்க பட்டினி கிடக்கல” என்றார். இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்பே அண்டா காலி. கொல்லைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த உம்மு சல்மாவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. எடுபட்டுவிட்டது. இனி அவர் போகமாட்டார்.

*

நஸ்ருதீன் கொல்லையில் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றான்.

“மச்சான், பாத்தீங்களா? ஒரு கரண்டி மிச்சமில்ல.”

“ம்.”

“என்ன ‘ம்’? எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?”

“மாமாவோட ஆணம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க சல்மா. அது என்னிக்கும் நல்லாத்தான் இருக்கும். நான் போறதுதான் சரி.”

அவள் அவன் முன்னால் வந்து நின்றாள். “நீங்கதானே காலையில சொன்னீங்க, அந்தச் சட்டியில ஆளாளுக்கு ஒண்ணைப் போட்டாங்கன்னு? வாப்பா தேங்காய் போட்டாங்க. அவ்வளவுதானே?”

“தேங்காய் போட்டதுல எனக்கு வருத்தமே இல்ல. நான்கூடத்தான் கொத்தமல்லித் தண்டைப் போட்டேன். போடறது வேற, கொட்டறது வேற சல்மா. அந்த ஆப்பிரிக்கா ஜனங்க, ஊரை விட்டு அடிச்சு இழுத்துட்டு வந்தவங்க. பேரு, பாஷை எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க. ஆனா அவங்க வெண்டைக்காயை அந்தச் சட்டியிலேர்ந்து யாராலயும் எடுக்க முடியல. இன்னிக்கு அந்த அண்டாவுல நான் வச்சது என்ன இருந்துச்சு, நீயே சொல்லு.”

அவள் குழாயை இறுக்கி மூடினாள்.

“மாமா தெரியாம பண்ணிட்டாங்க. நீ பாத்துட்டுத்தானே நின்ன?”

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உம்மு சல்மாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அவரை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள், அவர் கொண்டு வந்ததை வைத்துக்கொள்ள நினைக்கவில்லை.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குள் நடந்தாள். நஸ்ருதீன் பின்னாலேயே வந்தான். “வேணாம் சல்மா. விடு.”

உள்ளே இப்ராஹிம் சஹனில் சோறு போட்டு, அண்டா காலியாகும் முன்பே எடுத்து வைத்த ஆணத்தோடு காத்திருந்தார். சஹன் என்பது சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோடு ஒரே தட்டில் சாப்பிடாமல் அவருக்குச் சோறு இறங்காது.

“வாங்க மாப்புள. நல்ல நண்டாப் பாத்து உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்.”

“வாப்பா, காலையில நீங்க கொட்டுனீங்களே, அது தீயல.”

இப்ராஹிமின் கை தட்டிலேயே நின்றது.

“அந்த நிறம் வரத்தான் அவரு விடிஞ்சதுலேர்ந்து நின்னு கிண்டுனாரு. அதுதான் அந்தக் குழம்புக்கே உசுரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாய மூடிட்டு நின்னேன்.”

“என்ன புள்ள சொல்ற? நாப்பது வருஷமா அடுப்புல நிக்கறேன், எனக்குத் தீஞ்சது தெரியாதா?”

“வெண்டைக்காயும் வதக்கக் கூடாதாம்.”

“கொழகொழன்னு வருமே!”

“கொழகொழன்னுதான் வரணுமாம் வாப்பா.”

இப்ராஹிம் மாப்பிள்ளையைப் பார்த்தார். கோபமில்லை, குழப்பமும் வெட்கமும்தான். “மாப்புள, நீங்க வந்து அண்டாவைப் பாத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லலியே?”

“நீங்க தப்பா நெனச்சுடுவீங்கன்னு…”

“நானும் அதுக்குத்தானே உங்ககிட்டச் சொல்லாம கொட்டினேன்!”

உம்மு சல்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “ரெண்டு பேரும் மரியாதை குடுத்துக் குடுத்தே என்னைத் தனியா உக்கார வச்சிருக்கீங்க, பன்னெண்டு வருஷமா” என்றாள். அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

இப்ராஹிம் சஹனைத் தள்ளி வைத்தார். எழுந்து போய் அந்த இரும்புச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

“நேராக் கேக்கறேன், நேராச் சொல்லுங்க. அது தீயலையா?”

பன்னிரண்டு வருஷம் நஸ்ருதீனின் தொண்டையில் இருந்தது மெல்ல வெளியே வந்தது.

“இல்ல மாமா.”

“அப்பச் செஞ்சு காட்டுங்க. நான் பாக்கணும்.”

*

மறுபடி எண்ணெய், மறுபடி மைதா. நஸ்ருதீன் கிண்டினான். இப்ராஹிம் அவன் தோளோரம் நின்று சட்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். மணல் நிறம் வந்தபோது, “இதோட எடுத்துடலாமே” என்றார். வேர்க்கடலை நிறம் வந்தபோது அவர் கை தானாக அடுப்புத் திருகுக்குப் போனது, பாதி வழியில் திரும்பியது. அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று சமையலறையில் இன்னொருவருக்கு இடம் விட்டவர்களுக்குத்தான் தெரியும்.

“வாசனை மாறுது” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. “இதுல நம்ம தேங்காயைப் போட்டா ஒத்து வருமா?”

“வரும் மாமா. இதையும் வச்சுக்கிட்டுப் போட்டா வரும்.”

“வெண்டைக்காயை மட்டும் கொஞ்சம் வதக்கிக்கலாம்.”

“இல்ல மாமா.”

ஒரே நாளில் இரண்டாவது ‘இல்லை’. பழகிவிட்டது போலிருக்கிறது. அதைச் சொன்ன சந்தோஷத்தில் நஸ்ருதீன் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டான். கை ஒரு நொடி நின்றது.

“சட்டியப் பாருடா! அடி புடிக்குது! கையை நிறுத்தாதே!”

மெஸ்ஸின் முன்பக்கம் வரை கேட்டது அந்தச் சத்தம். கத்தியவர் முகத்தில்தான் அதிர்ச்சி அதிகம். மாப்பிள்ளையை ‘டா’ போட்டுவிட்டார்! மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், நஸ்ருதீனின் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டார். தன் வாப்பாவைச் சின்ன வயதிலேயே இழந்து, உரிமையோடு அதட்ட ஆளில்லாமல் வளர்ந்தவன் அவன். அடுப்புச் சூட்டிலும் அந்த முகம் குளிர்ந்து மலர்ந்திருந்தது.

“நாளைக்கு சுபுஹு தொழுதுட்டு நேரா இங்க வந்து நிக்கணும். தெரியுதா?” என்றார் இப்ராஹிம், குரலைத் தணிக்காமலேயே.

“சரிங்க மாமா.”

உம்மு சல்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இந்த வீட்டில் இப்படி ஒரு அதட்டலுக்காக அவள் காத்திருந்தாள் என்பது அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அலமாரித் தட்டில் சார்ஜில் கிடந்த நஸ்ருதீனின் போன் அப்போது ஒளிர்ந்தது. நௌஷின் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரம், வேன் டிரைவராக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தாள்.

ஜெய்னுலாபுதீன்.

‘நீங்க சொன்னபடி உறுதி பண்ணியாச்சு தம்பி. டிக்கெட் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை ஃபிளைட்.’

அதற்கு மேலே, அண்டா காலியானபோது நஸ்ருதீன் அனுப்பிய ஒற்றை வரி இருந்தது. ‘நான் வர்றேன் ஜெய்னுலாபுதீன் காக்கா, டிக்கெட் போட்டுடுங்க.’

அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் ஒரு தடவை வாய் மூடி நின்றது போதும்.

“மச்சான்” என்று கூப்பிட்டாள்.

நஸ்ருதீன் தலையைத் திருப்பப் போனான். இப்ராஹிம் கையை உயர்த்தித் தடுத்தார். அவர் கண் சட்டியை விட்டு நகரவில்லை.

“இப்பக் கூப்பிடாதே புள்ள. எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லிக்கலாம். அவன் கையை நிறுத்தினா கருகிடும்.”